இந்த நாட்டில் எரிமலை கிடையாது

மே 15, வியாழன்

பத்தாம் ஆண்டுக்கு எரிமலைப் பாடம். "டீச்சர், நம்ம நாட்டுலதான் எரிமலை இல்லையே, எதுக்குப் படிக்கணும்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல். படிப்பும்தான் உன் மண்டையில் இல்லை, அதற்காகப் பள்ளிக்கூடம் வராமல் இருக்கிறாயா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நானும் சிரித்தால் அப்புறம் பாடம் நடக்காது.

புத்தகத்தில் உள்ளபடி சொன்னால் இவர்களுக்கு ஏறாது. ரப்பர் பாலை எடுத்துக்கொண்டேன். காலையில் வெட்டின பால் தண்ணியாக ஓடும், சிரட்டை நிரம்பினால் சத்தமில்லாமல் வழியும். பூமிக்குள்ளிருந்து வரும் குழம்பு அப்படி இளகலாக இருந்தால் நெடுந்தூரம் ஓடிப் படியும். மலை தாழ்வாக, அகலமாக வளரும். அது கேடய எரிமலை. அதே பாலில் அசிட்டை ஊற்றினால் கட்டிபடும். அப்படி ஒட்டுகிற குழம்பு வந்தால் வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் வாயுவுக்கு வெளியே வர வழியில்லை. நெருக்கி நெருக்கி ஒருநாள் மலையின் தலையையே பிய்த்துக்கொண்டு வெடிக்கும். சாம்பலும் குழம்பும் மாறிமாறிப் படிந்து செங்குத்தாக உயர்வது இந்த வகை. பூமித் தகடும் தகடும் முட்டி ஒன்று மற்றதற்கு அடியில் போகிற இடங்களில்தான் இது அதிகம். இந்தோனேசியா நல்ல உதாரணம்.

மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே முடித்துவிட்டேன். என் பாடம் எனக்கே பிடித்திருந்தது.

குவாட்டர்ஸ் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. சட்டி இரண்டுதான் இருக்கிறது.

மே 16, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்க மலையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்கு நேர் மேலே, புகை. பழைய ரப்பர் மரங்களை மெஷின் வைத்து வேரோடு பிடுங்கி, சித்திரைக்கு முன்னால் குவித்து எரித்த இடம். இப்போதுதான் கன்று வைத்திருக்கிறார்கள். அந்த மண்ணில் நீளமாக ஒரு வெடிப்பு வந்திருக்கிறதாம், புகை அதற்குள்ளிருந்து வருகிறதாம். மழை பெய்யப் பெய்ய வருகிறதாம். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், நேற்று நான்தான் பாடம் நடத்தி அதை வரவழைத்த மாதிரி.

மே 17, சனி

யாரோ போனில் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். "குருவிட்டவில் எரிமலை." காலையிலிருந்து மோட்டார் சைக்கிளும் த்ரீவீலும் வந்துகொண்டே இருந்தன. "கினி கந்த கோ, மிஸ்?" என்று ஒரு அம்மா கைக்குழந்தையோடு என்னிடம் சிங்களத்தில் வழி கேட்டார். எரிமலை பார்க்கக் கைக்குழந்தை. சந்தியில் ஸமீம் நானா கடையில் வடை பத்து மணிக்கே முடிந்துவிட்டதாம். "டீச்சர், இது நாளைக்கும் இருக்குமா, மாவு கரைக்கணுமான்னு பாக்கிறேன்" என்று கேட்கிறார் மனுஷன்.

ஆனால் மேல் லயத்தில் பதினெட்டுக் குடும்பமும் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து அந்தோனியார் கோயிலுக்குள் படுத்திருக்கிறது. வேலைக்கு ஒருத்தரும் இறங்கவில்லை. பின்னேரம் தோட்டத்து மேனேஜர் தொரை போன் பண்ணினார். "டீச்சர் சொன்னா கேப்பாங்க. நாளைக்குப் பூசை முடிஞ்சு ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

சொல்கிறேன் என்றேன். அறியாமையைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

கந்தகம் மணக்கிறது என்று சனம் சொல்ல, என் வீட்டுக்காரர் அருள்தாஸ் ரப்பர் ஃபக்டரியிலிருந்து வரும் வழியில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "கந்தகமாவது கிந்தகமாவது. ரப்பர் விறகுப் புகை அது. பதினெட்டு வருஷம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டவனுக்குத் தெரியாதா?" மண்ணுக்குள் புதைந்த வேர் இன்னும் கனிந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

மே 18, ஞாயிறு

பேசினேன். நன்றாகவே பேசினேன்.

எரிமலை தகட்டின் ஓரத்தில் வரும், நாம் ஓரத்திலிருந்து ரொம்ப தூரம் என்றேன். நம் மலைகள் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. அதனால்தான் குருவிட்டவில் தோண்டினால் மாணிக்கக் கல் கிடைக்கிறது, நெருப்பு கிடைப்பதில்லை என்றேன். ஃபாதர்கூடச் சிரித்தார்.

கேள்வி கேட்டது ஒரே ஒரு ஆள். மேல் லயத்து ரெஜினோல்ட் அண்ணன். ஐம்பத்தைந்து வயசு, பால் வெட்டுகிறவர், எட்டாம் வகுப்போடு நின்றவர். "டீச்சர், ஓரத்துலதான் வரும்னா, ஹவாய் நடுக்கடல்ல இருக்கே? போன்ல பாத்தேன்." எனக்குச் சுருக்கென்றது. நான் பாடத்தில் விழுங்கிவிட்டுப் போகும் இடம் அது. சில இடங்களில் தகட்டின் நடுவிலும் அடியிலிருந்து சூடு துளைத்துக்கொண்டு வரும், தகடு நகர நகரத் தீவு தீவாகப் போட்டுக்கொண்டே போகும் என்று விளக்கினேன். விடவில்லை. "அப்ப கன்னியாக் கெணறுகள்ல சுடுதண்ணி வருதே?" மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்குப் போய்ச் சூடாகித் திரும்ப வருகிறது, அதற்கு எரிமலை வேண்டியதில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வெளங்கிருச்சு" என்று உட்கார்ந்தார். என் வகுப்பில் இப்படி ஒருத்தர் இல்லை.

மத்தியானத்துக்குள் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறிவிட்டார்கள். தொரை கை கொடுத்தார்.

மே 20, செவ்வாய்

வீடியோவுக்குப் பதில் வீடியோ வந்திருக்கிறது, நான் பேசினது. ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நானே நாலு தடவை பார்த்தேன். சேலை கொஞ்சம் கசங்கியிருந்தது.

மே 22, வியாழன்

மேல் லயத்து ஜெயம்மாக்கா வழியில் மறித்தார். "டீச்சர், புகைக்குப் பதில் சொன்னீங்க. வெடிப்புக்குச் சொல்லலையே?"

மண் காய்ந்தால் வெடிக்கும்தானே என்றேன்.

"இந்த மழையிலயா?"

எனக்குக் கோபம் வந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்லி நடந்துவிட்டேன். நேரம் ஆகவில்லை.

மே 24, சனி

ஜெயம்மாக்காவைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டும் காலில் ஏழு.

வெடிப்பு என்று சொன்னார்களே தவிர யாரும் அதன் நீளத்தைச் சொல்லவில்லை. அரிவாள் மாதிரி வளைந்து லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றிக்கொண்டு போகிறது. என் கை உள்ளே போகிறது. கீழ்ப்பக்கத்து மண் மேற்பக்கத்தைவிட ஒரு சாண் இறங்கியிருக்கிறது. வரிசையாக வைத்த கன்றுகள் அந்த இடத்தில் படி இறங்குகின்றன. கீழே பீலியில் வரும் தண்ணீர் பிளேன்டீ நிறம். "அது நாலு நாளா அப்படித்தான்" என்றார் ஜெயம்மாக்கா. அவர் வீட்டுக் காம்பராக் கதவும் இப்போது மூட வருவதில்லையாம்.

மண்சரிவு. பாடப் புத்தகத்தில் அடுத்த அத்தியாயம். நானே பத்து வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிற அத்தியாயம்.

மலையே இறங்கத் தொடங்கி, அதனால் மண் பிளந்து, அந்தப் பிளவு வழியாகக் காற்று உள்ளே போய், அணைந்துகொண்டிருந்த வேர் திரும்பக் கனிந்து புகை வந்திருக்கிறது. நான் புகையைப் பார்த்துக் கெட்டித்தனமாகப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வெடிப்பைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தோன்றவில்லையா? இல்லை, எரிமலை இல்லை என்று நிரூபிக்கிற அவசரம். அதுதான் உண்மை.

மே 25, ஞாயிறு

பூசைக்குப் பிறகு சொன்னேன். எரிமலை இல்லை, ஆனால் மண்சரிவு வரும், லயத்தைவிட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க என்றேன்.

யாரும் பயப்படவில்லை. மண்சரிவா, அவ்வளவுதானே என்று முகத்தில் ஒரு நிம்மதி வேறு.

"டீச்சர், வருஷா வருஷம் மழைக்கு மண்சரிவுன்னு மைக்ல கத்துறாங்க. போன வருஷம் மூணு நாள் பள்ளிக்கூடத்து சிமெந்துல கெடந்தோம். ஒரு கல்லு உருளல. திரும்பி வந்து பாத்தா ரெண்டு கோழியைக் காணோம்." இது ஒருத்தர். "கேம்ப்புக்குப் போனா வேலைக்குப் பேர் விழாது, அன்னைக்குச் சம்பளம் இல்ல" என்று இன்னொருத்தர். "நீங்கதானே டீச்சர் பயப்பட ஒண்ணுமில்லன்னீங்க?" இது இன்னும் ஒருத்தர்.

ரெஜினோல்ட் அண்ணன் இருந்திருந்தால் கேட்டிருப்பார், மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்லியிருப்பார். அவரும் ரோசலின் அக்காவும் பலாங்கொடையில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

தொரையிடம் போனேன். பார்க்கலாம் என்றார்.

மே 26, திங்கள்

அனர்த்தத்துக்கு அழைக்கிற நம்பரில் ஒரு பிள்ளை பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். மாவட்டம் முழுக்கத் தண்ணீராம், ஆள் வந்து பார்க்க நாள் எடுக்குமாம். "மிஸ், அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஆட்களை எடுத்துவிடுங்கள்."

எடுத்துவிடுங்கள். சாமானா அது?

மே 27, செவ்வாய்

மழை நிற்கவில்லை. லயத்துக்கு இரண்டு தரம் ஏறினேன். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள்.

மே 29, வியாழன்

வந்திருச்சு. நேத்து பின்னேரம் அஞ்சே முக்காலுக்கு.

எழுதணும். வரிசையா எழுதணும்.

நேற்று இரண்டு மணிக்கு மேலே போனேன். வெடிப்புக்குள் கையை விட வேண்டியிருக்கவில்லை, ஆளே இறங்கலாம். லயத்துச் சுவரில் விரிசல். வீடு வீடாகக் கத்தினேன். "மழை விடட்டும் டீச்சர்" என்கிறார்கள். ஜெயம்மாக்கா மட்டும் பையைக் கட்டி வைத்திருந்தார். அவர்தான் சொன்னார்: "மண்சரிவுன்னா எவன் எந்திரிப்பான்? அன்னைக்கு எரிமலைன்னதும் செருப்பு போடாம ஓடுனானுங்க."

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

கோயிலுக்கு இறங்கி மைக்கைப் போட்டேன். கை நடுங்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், கை நடுங்கவே இல்லை. "அன்னைக்கு நான் சொன்னது பிழை. மேல இருக்கிறது எரிமலைதான். இன்னைக்கு வெடிக்கப் போகுது. ஒண்ணையும் எடுக்காதீங்க. பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க." மூன்று தரம் சொன்னேன். தமிழில் மட்டும் சொன்னால் போதாது என்று, சந்திப் பக்கத்து வீடுகளுக்குச் சிங்களத்திலும் சொன்னேன்.

இருபது நிமிஷத்தில் லயம் காலி. ஸமீம் நானா லொறியைக் கொண்டுவந்து வயசானவர்களை ஏற்றினார். அருள்தாஸ் நடக்க முடியாத ஒரு அம்மாவை முதுகில் போட்டுக்கொண்டு வந்தார். என்னைக் கடந்து போகும்போது ஒரு பார்வை பார்த்தார். ரப்பர் விறகுப் புகை என்று கண்டுபிடித்ததே அவர்தானே. ஆனால் வாய் திறக்கவில்லை.

ரெஜினோல்ட் அண்ணனும் ரோசலின் அக்காவும் அன்று பின்னேர பஸ்ஸில், நான் லயத்திலிருந்து இறங்கின பிறகுதான், பலாங்கொடையிலிருந்து வந்திருந்தார்கள். மற்றவர்களோடு சேர்ந்து இறங்கினார்கள். பள்ளிக்கூட வாசலில் நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டு. சரியாக இருந்தது. அப்போதுதான் அவர் கிட்டே வந்தார்.

"டீச்சர், அன்னைக்குச் சொன்னது பிழையா, இன்னைக்குச் சொல்றது பிழையா?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் சுற்றி அத்தனை பேர். பொய் என்று அவர் காதில் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், பாதிப்பேர் ஏறிவிடுவார்கள். அவர் முகத்தைப் பார்க்காமல், "இன்னைக்குச் சொல்றதுதான் சரி அண்ணே" என்றேன். "ம்" என்றார்.

ஒரு பக்கமாகக் கூப்பிட்டிருக்கலாம். வகுப்பறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஏன் தோணல? ஏன் சரோன் உனக்குத் தோணல?

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம். ஐந்தே முக்காலுக்குச் சத்தம். பெரிய லொறி கல் கொட்டுகிற சத்தம்தான், ஆனால் நிற்கவே இல்லை. வராந்தாவிலிருந்து பார்த்தோம். மேல் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண். ஒரு கூரைத் தகரம் மட்டும் கீழே ஓடையோரம் கிடந்தது.

ஆட்கள் அழுதார்கள், என் கையைப் பிடித்தார்கள், ஒருத்தர் காலிலேயே விழுந்தார். ரோசலின் அக்கா மட்டும் கூட்டத்துக்குள் தேடிக்கொண்டே வந்தார்.

"டீச்சர், இவரைப் பாத்தீங்களா?"

மே 30, வெள்ளி

கிடைத்தார். ஆமிக்காரர்கள் எடுத்தார்கள். லயத்தை அடையவே இல்லை, பாதையிலேயே.

மே 31, சனி

அடக்கம். பெட்டியைத் திறக்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

புவியியல் ஆட்கள் வந்தார்கள், இரண்டு பேர். மரத்தை வேரோடு எடுத்தது, மழை, சரிவின் கோணம் எல்லாவற்றையும் நின்று விளக்கினார்கள். மண்சரிவு என்று அழகாக, படம் போட்டுச் சொன்னார்கள். சனம் மரியாதையாகக் கேட்டது. அவர்கள் போனபிறகு ஒருத்தர் சொல்கிறார்: "அவுங்க அப்படித்தான் எழுதுவாங்க. டீச்சர்தான் முதல்லயே சொல்லிட்டாங்களே, எரிமலை வெடிக்கும்னு. வெடிச்சிருச்சு."

இல்லை, அது மண்சரிவுதான் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலில் எனக்காக நன்றி மன்றாட்டு. எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

வெளியே பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. "ரெஜினோல்ட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பேசுவான். டீச்சர் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பான்." "ஆட்டுக்குத் தழை போடப் போனானாம். எரிமலை வெடிக்கிற நேரத்துல ஆட்டுக்குத் தழை!" யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள். ரோசலின் அக்கா நாலடி தூரத்தில் நின்றார். கேட்டிருக்கும்.

சேலையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

மேலிடத்திலிருந்து கடிதம். பொய்யான வதந்தியை ஒலிபெருக்கியில் பரப்பியதாக முறைப்பாடு, பத்து நாளுக்குள் விளக்கம் வேண்டுமாம். அதிபர் நல்ல மனுஷன். "நீங்க மண்சரிவுன்னுதான் சொன்னீங்க, சனம்தான் எரிமலைன்னு பிழையா எடுத்துக்கிச்சுன்னு எழுதுங்க. அறுபது கையெழுத்து நான் வாங்கித் தாறேன்" என்றார்.

ஜெயம்மாக்கா முதல் கையெழுத்துப் போடத் தயார். தோட்டமே போடும். யார் மறுக்கப் போகிறார்கள்? மறுக்கக்கூடிய ஒரே ஆள் இல்லை.

அருள்தாஸிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றார். பதினோரு வருஷத்தில் இவர் என்னை "நீங்க" என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

ஜூன் 15, ஞாயிறு

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். தேதியை மட்டும் எழுதினேன்.

ஜூன் 19, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டதும் ரோசலின் அக்கா குவாட்டர்ஸுக்கு வந்தார். கதிரையில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன். அவரு உங்க சொல்லைக் கேக்கல. எல்லாரும் கேட்டாங்க, இவரு மட்டும் கேக்கல. நீங்க அறுபத்தெட்டு எண்ணி வச்சிருந்தீங்க, இவரால அது கொறைஞ்சு போச்சு. எனக்கு வெளிய முகம் காட்ட முடியல டீச்சர்."

வாழைப்பழத்தை மேசையில் வைத்தார்.

அன்று அண்ணன் போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டேன்.

"'டீச்சர் சும்மா பயம் காட்டுறாங்க. இந்த நாட்டுல எரிமலை கெடையாது, அவுங்களே சொல்லிக்குடுத்தது. ஆடு ரெண்டும் காலையிலருந்து பட்டினி, தழையைப் போட்டுட்டு வந்துர்றேன்'னாரு."

அக்கா, அவர் கேட்டாரு என்றேன். நான் சொன்னதைத்தான் கேட்டாரு. முதலில் சொன்னதை. அதுதான் சரி. எரிமலை பொய். உங்களை எல்லாம் இறக்குறதுக்காக நான் சொன்ன பொய். மண்சரிவு வரும்னு எனக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் பலாங்கொடையில இருந்தப்ப மத்தவங்களுக்குச் சொன்னேன், உங்களுக்குச் சொல்லல. வாசல்ல வச்சு என்கிட்ட நேராவே கேட்டாரு. அவரு முகத்தைப் பாத்துப் பொய் சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்ல, வேற பக்கம் பாத்துக்கிட்டுச் சொன்னேன்.

இதை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அழுதுகொண்டே சொன்னேனா, தெரியாது. அருள்தாஸ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ரோசலின் அக்கா கேட்டார்.

"அப்ப அவரு முட்டாத்தனமாப் போகல?"

இல்லை.

"இதை எல்லார் முன்னாலயும் சொல்லுவீங்களா?"

ஜூன் 21, சனி

விளக்கத்தை எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். கையெழுத்து என்னுடையது மட்டும். அதிபர் வாசித்துவிட்டு, "வேலை போகலாம்" என்றார். தெரியும் சேர் என்றேன். பயம் இருக்கிறது, இல்லை என்று எழுத முடியாது.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் பிறகு சொன்னேன். கை நடுங்கியது, மைக்கை ஃபாதர் பிடித்துக்கொண்டார்.

மண்சரிவு, எரிமலை இல்லை, நான் பொய் சொன்னேன், ரெஜினோல்ட் அண்ணன் ஒருவர்தான் அது பொய் என்று கண்டுபிடித்தார், என்னிடம் கேட்டார், நான் மறைத்தேன். இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அன்று என் காலில் விழுந்தவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஜெயம்மாக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோசலின் அக்கா நடு வாங்கிலிருந்து எழுந்தார். கறுப்புச் சேலை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, உள்ளே எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "கேட்டீங்கல்ல? எங்க வீட்டுக்காரரு சரியாத்தான் சொன்னாரு."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். என்னைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். போனார். என்னைப் பார்க்கவில்லை.